ஒரு திட்டுகூட விழவில்லை

பிசியோதெரபி கடைசி வருடம் படிக்கும் அவள் பயிற்சிக்காக அந்த மருத்துவமனைக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. இதுவரை ஒரு திட்டுகூட விழவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

கூட வந்த வகுப்புத் தோழன் நெட்டையனுக்குத் தினமும் அர்ச்சனை நடந்தது. இவள் எதைச் செய்தாலும் தலைமைத் தெரபிஸ்ட் அம்மாள், "நல்லா பண்றே நீ" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். வகுப்பில் பதில் தெரிந்தும் வாய் திறக்காதவளிடம் அப்படி என்னத்தைக் கண்டுவிட்டார்? இவளிடம் வந்த நோயாளிகளும் கழுத்துப் பிடிப்பு, முழங்கால் வலி என்று சாதுவானவர்களே.

"உனக்கு வேண்டியவங்க யாரோ இங்க இருக்காங்க," என்றான் நெட்டையன், பாதி விளையாட்டாக.

அவளுடைய தாய்மாமா மருந்து கம்பெனி விற்பனையாளர். மருத்துவமனையெல்லாம் அவருக்கு அத்துப்படி. மாலையில் அவர் வீட்டுக்கு வந்தபோது கேட்டேவிட்டாள்.

"மாமா, எங்க டிபார்ட்மென்ட்ல யார்கிட்டயாவது பேசினீங்களா?"

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "புள்ள பயந்த சுபாவம், பாத்துக்கோங்கன்னு ஒரு வார்த்தை போட்டு வச்சேன். அதுல என்ன தப்பு?"

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அப்படியானால் அந்த 'நல்லா பண்றே'யில் ஒன்றுகூட அவளுக்குச் சேர வேண்டியதல்ல.

மறுநாள் நேரே தலைமைத் தெரபிஸ்ட்டிடம் போய் நின்றாள். "மாமா சொன்னத மறந்துடுங்க மேடம். எனக்கும் கஷ்டமான கேஸ் குடுங்க."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலற்றுப் போன, கனத்த உடம்புக்காரரான பஸ் டிரைவரை அவளிடம் விட்டார். வேண்டுமென்றே மாட்டிவிடுகிறாரோ என்று அதையும் சந்தேகப்பட்டாள்.

டிரைவரைச் சக்கர நாற்காலியிலிருந்து எழுப்பி நிறுத்தினாள். நாற்காலியின் சக்கரப் பூட்டைப் போட மறந்திருந்தாள். அது பின்னால் ஓட, அவர் சரிந்தார். தன் முழங்காலால் அவர் காலுக்கு முட்டுக்கொடுத்து, அவர் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டைப் பிடித்து இழுத்து, பக்கத்துக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"கண்ணு எங்க இருந்துச்சு? விழுந்திருந்தா இடுப்பெலும்பு போயிருக்கும்." வார்டே திரும்பிப் பார்க்கத் திட்டித் தீர்த்த தலைமைத் தெரபிஸ்ட், போகிற போக்கில் சொன்னார்: "முட்டுக் குடுத்தது மட்டும் சரி. அது நான் சொல்லி வர்றதில்ல."

அதில் ஏதாவது உள்குத்து இருக்கிறதா என்று தேடினாள். அகப்படவில்லை.

"காலமெல்லாம் பிரேக் போட்டவன், நானும்தான் கவனிக்கல," என்றார் டிரைவர். "இன்னொரு தடவை நிப்போமாம்மா?"

பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, "எழுந்திரிங்கய்யா," என்றாள். அது கடைசிக் கட்டில்வரை கேட்டது.