காற்றில் விடாத வாயு

ஏ.சி. மெக்கானிக்கின் மனைவி, கடைக்குட்டி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், தொழிற்பயிற்சி நிலையத்தில் அதே ஏ.சி. வேலையைப் படிக்கச் சேர்ந்தாள். கூடமாட ஒத்தாசைக்கு ஆளாச்சு என்று மெக்கானிக்கும் தலையாட்டினான். அதிலிருந்து அவளை ‘காலேஜு’ என்றுதான் கூப்பிட்டான்.

அன்று இருவரும் ஒரு வீட்டு மொட்டைமாடியில் நின்றார்கள். கம்ப்ரசர் எரிந்துபோயிருந்தது. புதிதைப் பொருத்துமுன் உள்ளே இருக்கும் வாயுவை வெளியே எடுக்க வேண்டும். மெக்கானிக் வழக்கம்போல குழாயைத் திறந்து அதைக் காற்றில் விடப் போனான். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, இருங்க. மெஷின் கொண்டாந்திருக்கேன்.”

நிலையத்தில் கேட்டு வாங்கி வந்த மெஷின். வாயுவை உறிஞ்சி சிலிண்டரில் அடைத்துவிடும்.

“கம்ப்ரசர் எரிஞ்சதுல வாயுவே கெட்டுப்போச்சு. திருப்பிப் போட முடியாது. அப்புறம் எதுக்குப் பிடிக்கிற?”

“வெளிய போகாம இருக்கத்தான். இது மேல போய் சூட்டைப் பிடிச்சு வச்சுக்குதாம். ஒரு ரூமைக் குளிர வச்சுட்டு ஊரையே வேக வைக்கிறோம்.”

“அடேயப்பா! ஊரைக் காப்பாத்த என் பொண்டாட்டிதான் பாக்கி.”

அவள் குழாய்களை மாட்டினாள். மெஷின் உறுமியது. மெக்கானிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினான். ஸ்பேனரை வைத்தான், எடுத்தான். அடுத்து வேலைக்குப் போக வேண்டிய வீட்டுக்காரர் போனில் கத்தினார். வீட்டம்மா விசிறிக்கொண்டே மேலே வந்தார்.

“என்னம்மா, ஆஸ்பத்திரி மாதிரி குழாய் சொருகி வச்சிருக்கீங்க? பிழைக்குமா?”

“பிழைச்சுடும்மா.”

சொன்னாளே தவிர, அவள் கண் மீட்டரிலேயே இருந்தது. மீட்டர் முள் அசையாமல் நின்றது. வகுப்பில் அது தானாக இறங்கியதே!

“நீயே கட்டிக்கிட்டு அழு. நான் போன்ல கத்துனவரு வேலையைப் பாக்குறேன்” என்று அவன் விறுவிறுவென்று இறங்கிப் போனான்.

அவள் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தாள். சிலிண்டர் வால்வை அரைகுறையாகத்தான் திறந்திருந்தாள். முழுதாகத் திருப்பியதும் முள் இறங்கியது.

பழைய கம்ப்ரசரை அவள் கழற்றிக்கொண்டிருந்தபோது அவன் திரும்பி வந்தான்.

“அதுக்குள்ள முடிஞ்சுதா?”

“அங்கயும் வாயு எடுக்கிற வேலைதான். திறந்தேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம். இத்தனை வருஷமா கேக்குறதுதான், இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு. பாதியில மூடிட்டேன்.”

“மூடிட்டீங்களா?”

“அந்த ஆளு என்னைப் பைத்தியத்தைப் பாக்குற மாதிரி பாத்தாரு. நிம்மதியா தொழில் பண்ணிக்கிட்டு இருந்தேன், கெடுத்துட்ட.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

அவன் புதுக் கம்ப்ரசரின் குழாய்களைப் பற்றவைக்க உட்கார்ந்தான். அவசரத்தில் முதல் பற்றவைப்பு சரியாக விழவில்லை. வாய்க்குள் திட்டிக்கொண்டே மறுபடி செய்து, புது வாயு ஏற்றினான். கீழே அறை குளிர்ந்து வீட்டம்மா கதவைச் சாத்தியபோது, அவள் மெஷினை வண்டியில் ஏற்றியிருந்தாள்.

“அந்த வீட்டுக்காரர் இந்நேரம் வேற ஆளைக் கூப்பிட்டிருந்தா?”

“போய்ப் பாத்தாத்தானே தெரியும். வண்டியை எடுங்க.”