மணிக்கட்டின் நாலாவது படம்

1

இந்தக் கதை என் இடது மணிக்கட்டில் பிறந்தது. கற்பனை ஊற்று, உள்மன வெளிச்சம் என்றெல்லாம் அளக்கப் போவதில்லை. எழுத உட்கார்ந்தால் பத்தாவது வரியில் அங்கே வலிக்கிறது. வலிக்கும்போதெல்லாம் அக்கா ஞாபகம் வருகிறது. நான் இடக்கைக்காரன். அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்திரண்டு வருடமாக ஊரார் எலும்பையெல்லாம் பார்த்துவருகிறாள்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "இருண்ட அறையில் பதினெட்டுப் பேர் ஒரு கையின் எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்." படித்துக் காட்டியபோது மனைவி, "பேய்க்கதையா? எனக்கு வேண்டாம்பா" என்று எழுந்துபோய்விட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன். அது பேய்க்கதை இல்லை, பயிற்சி வகுப்பு. எலும்புப் படம் எடுப்பவர்கள் தொழிலில் ஒரு படி மேலே போவதற்காக நடத்தும் இரண்டு நாள் வகுப்பு. வாசகரே, அதற்குள் கொட்டாவி விடாதீர்கள். பேயைவிட இதில் பயம் அதிகம்.

2

வகுப்பு எடுத்தவர் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். திரையில் எதைக் காட்டுவதானாலும் கையிலிருக்கும் பென்சிலால்தான் காட்டுவார். முதல் நாள் தேநீர் இடைவேளைக்குள் அக்கா அவருக்குப் 'பென்சில் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டாள். (பட்டப்பெயர் வைப்பது எங்கள் குடும்ப வியாதி. மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்பது பிறகு தெரியும்.)

வகுப்பின் முடிவில் ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும் ஒருவரைப் பென்சில் மேடம் தேர்ந்தெடுப்பார். எலும்புப் படத்தைப் பார்த்து முதல் கருத்தை எழுதும் உரிமை அவருக்குக் கிடைக்கும். இது என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா, வாசகரே? முறிவு கண்ணுக்குத் தெரிந்தாலும் அக்கா இதுவரை ஒரு வரி எழுதக் கூடாது. யார் காதிலாவது போடலாம். போட்டால், "படம் எடுக்கறதோட உங்க வேலை முடிஞ்சுது" என்பார்கள். ஏழு வருடமாக அவள் இந்த வகுப்புக்கு விண்ணப்பித்து, இப்போதுதான் இடம் கிடைத்தது.

3

இரண்டாம் நாள் காலை. விளக்கை அணைத்துவிட்டு ஒரு கையைத் திரையில் போட்டார் பென்சில் மேடம்.

"கீழ விழுந்து கை ஊனியிருக்கார். மணிக்கட்டு வலி. மூணு படம் இருக்கு. என்ன இல்ல?"

"நாலாவது படம்" என்றது முன்வரிசை.

(கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில், முந்திரிப்பருப்பு மாதிரி ஓர் எலும்பு இருக்கிறது. படகெலும்பு என்பார்கள். சரியான கள்ளன். முறிந்திருந்தாலும் மற்ற மூன்று படங்களிலும் நல்ல பிள்ளையாக நிற்பான். கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து நாலாவது படம் எடுத்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வான். சாய்க்கும்போது உயிர் போகும்.)

"ஏன் எடுக்கல?"

"சோம்பேறித்தனம்!" என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. படத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடதா வலதா என்று தெரிவதற்காகப் படத்தின் ஓரத்தில் ஓர் ஈய எழுத்தை வைப்பார்கள். படம் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒன்று இருக்கும். அக்காவின் 'எல்' ஒருமுறை சட்டைப்பைக்குள் இருந்தபடியே துவைக்கும் இயந்திரத்தில் சுற்றிவந்து கால் வளைந்துபோனது. அவள் மாற்றவில்லை. "இருக்கட்டும்டா, என் கையெழுத்து மாதிரி" என்றாள்.

திரையில் இருந்த எல்லுக்குக் கால் வளைந்திருந்தது. நோயாளியின் பெயரை மறைத்தவர்கள் அதை மறைக்க மறந்துவிட்டார்கள். அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த சக ஊழியர் திரையைப் பார்த்தார், பிறகு அக்காவின் சட்டைப்பையைப் பார்த்தார்.

அந்தக் கை என்னுடையது.

4

அடுத்து என்ன நடந்திருக்கும், வாசகரே? இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: அக்கா வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரும் நல்லவர், வாயைத் திறக்கவில்லை. உரிமை கிடைக்கிறது. (அக்கா இதைப் படித்தால் என் மற்ற கையையும் உடைப்பாள்.)

முடிவு இரண்டு: அக்கா எழுந்து, "மேடம், அது என் தம்பி கை. அந்தப் பய" [இங்கே நிறுத்திவிட்டேன். இதற்குமேல் எழுதினால் நான் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டிவரும்.]

5

சரி, சொல்கிறேன்.

அன்று நாலாவது படம் எடுக்க அக்கா மறந்ததற்குக் காரணம்

இல்லை. அவள் மறக்கவில்லை. மறுபடி எழுதுகிறேன்.

அன்று கூட்டம் அதிகமாக இருந்ததால்

கூட்டமே இல்லை. நான் ஒருவன்தான் இருந்தேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுடா. கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்."

"ஆ! வலிக்குதுக்கா. அதான் மூணு எடுத்தாச்சுல்ல?"

"இதுதான்டா முக்கியம். அசையாம இரு."

"வெறும் சுளுக்குக்கா. பஸ் போயிடும், ஆள விடு."

கையை உருவிக்கொண்டு ஓடியவன் நான். அப்படி ஒருவர் போய்விட்டால் படிவத்தில் 'நோயாளி மறுத்துவிட்டார்' என்று எழுத வேண்டும். இரண்டே சொல். அக்கா எழுதவில்லை. தம்பியை நோயாளி என்று எழுதக் கை வரவில்லையோ, நாளைக்கு இழுத்துவந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தாளோ. நாலைந்து முறை கூப்பிட்டாள். நான் போனை எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறு இடத்தில் படம் எடுத்தார்கள். எலும்பு ஒட்டவே இல்லை.

இதைவிட மோசமானது அதற்குப் பிறகு நடந்தது. உறவினர் கூடும் இடமெல்லாம், "வீட்டுலயே எக்ஸ்ரே இருந்தும் என் எலும்பு உடைஞ்சது தெரியல பாருங்க" என்று சொல்லிச் சிரித்தேன். இரண்டு வருடம். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். அவள் ஒருமுறைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "நல்லா இருந்துச்சு. சாப்பாடுதான் சுமார்" என்றாள் அக்கா. அதற்குமேல் எதுவும் பெயரவில்லை. நடந்ததைச் சொன்னவர் அந்தச் சக ஊழியர்தான். "உங்க அக்கா சொல்ல மாட்டாங்க. அதான் நான் போன் பண்றேன்" என்று தொடங்கினார்.

அக்கா கை தூக்கியிருக்கிறாள். "மேடம், அது நான் எடுத்த படம். நாலாவது இல்லாம அனுப்பினேன், ஏன்னு எழுதியும் வைக்கல. தப்பு என்னோடது."

"காரணம் ஏதாவது இருந்துச்சா?"

"இருந்தாலும் காரணம் படத்துல தெரியாதுங்களே."

பென்சில் மேடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "உங்க விஷயத்தைத் திங்கட்கிழமை சொல்றேன்" என்றாராம்.

இப்படி ஒரு பாத்திரத்தைக் கதையில் வைத்தால் நம்ப மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். நான் என்ன செய்ய? கூடப் பிறந்துவிட்டாள்.

7

இன்று சனிக்கிழமை. இந்தக் கதையை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. பிரதி ஒன்றே ஒன்றுதான். இப்போது உறையில் போடப் போகிறேன். இவ்வளவு நேரம் வாசகரே, வாசகரே என்று நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது உங்களைத்தான், பென்சில் மேடம்.

முடிவு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது இன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று. கதைக்கு முடிவு எழுத எனக்குத் தெரியவில்லை. மற்ற முடிவு உங்கள் கையில் இருக்கிறது. எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன். பென்சிலும் உங்களிடம் உண்டு. அதற்கு முன், விட்டுப்போன இரண்டு சொல்லை மட்டும் நானே நிரப்பிவிடுகிறேன். இடது கையால்தான் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி மறுத்துவிட்டார்.

இப்படிக்கு,
நோயாளி