அச்சை விட்டு எழும்பிய படகு

மஹ்ரூபின் படகுக் கொட்டகைக்குள் முதல் நாள் நுழைந்தபோது அங்கே படகே இல்லை.

கிண்ணியாவில், கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கும் களப்பின் ஓரமாக இருந்தது அந்தக் கொட்டகை. தகரக் கூரை, மண் தரை, மூக்கைத் துளைக்கும் ஒரு மணம். நடுவில் மரச்சட்டங்களுக்கு மேலே பெரிய தொட்டி மாதிரி ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தரம் பன்னிரண்டில் தொழிற்பிரிவில் படிக்கும் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போட் எங்க நானா?" என்று கஜந்திதான் கேட்டாள். கிண்ணியாவில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மஹ்ரூப் சிரித்தார். "அத நீங்கதானே செய்யப் போறீங்க. இது அச்சு. இதுக்குள்ளதான் அது உண்டாகும்."

கஜந்தி குனிந்து பார்த்தாள். வெளியே கரடுமுரடாக, தூசி படிந்து கிடந்த அச்சின் உட்புறம் கண்ணாடி போல மினுங்கியது. அந்த வளைவில் அவளுடைய முகம் நீண்டு, நெற்றி ஓர் இடத்திலும் நாடி இன்னோர் இடத்திலுமாகத் தெரிந்தது. இந்த வெறுமைக்குள் ஒரு முழுப் படகு எப்படி வரும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் தம்பலகாமத்துப் பிள்ளை. வீட்டைச் சுற்றி வயல், வயலைத் தாண்டினால் குளம். கடல் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது மலையில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. படகில் ஏறியதே இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாததால் உயர்தரத்தில் தொழிற்பிரிவுதான் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கையை அந்தப் பக்கம் காட்டி "அங்கால வகுப்பு" என்பார்கள், அவ்வளவுதான். செய்முறைப் பயிற்சிக்குப் படகுக் கொட்டகையைப் பிடித்துத் தந்தவர் வகுப்புக்குப் பொறுப்பான சிவாஜினி டீச்சர். வேலையாட்கள் எல்லாம் கட்டாருக்குப் போய்விட்டதில் மஹ்ரூபுக்கும் கைகள் தேவைப்பட்டன.

செய்தி கேட்டபோது கஜந்தியின் அப்பா தனஞ்சயன் உழவு மெஷினின் கீழே படுத்துக்கொண்டிருந்தார். வெளியே வராமலே சொன்னார்: "வயலுக்குள்ள இருக்கிற எங்களுக்குப் போட் என்னத்துக்குப் பிள்ளை?"



முதல் கிழமை முழுக்க மெழுகு பூசித் துடைத்தார்கள். பூசுவது, காயவிடுவது, துணியால் தேய்ப்பது, மறுபடி பூசுவது. பிள்ளைகள் அச்சை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கஜந்திக்கும் அம்ராவுக்கும் முன்பக்க மூக்கு. அம்ரா கிண்ணியாக்காரி, மீனவரின் மகள், வாய் ஓயாதவள்.

"எங்கட உம்மாட அலுமாரியக்கூட நான் இப்பிடித் துடைச்சதில்ல," என்றாள். "எதுக்கு நானா இவ்வளவு மெழுகு?"

"போட்டுக்கும் அச்சுக்கும் ஒட்டக்கூடாது புள்ள. ஒட்டினா ரெண்டும் போச்சு. போட்ட வெட்டித்தான் எடுக்கணும். வெட்டினா அச்சும் கீறுப்படும். இந்த அச்சு ஒண்டுதான் எனக்கு இருக்கு."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு யாரும் அவசரமாகத் துடைக்கவில்லை.

அடுத்த கிழமை நீல நிறப் பூச்சு. அது காய்ந்ததும் பாய் விரித்தார்கள். கண்ணாடி இழைகளைத் தாறுமாறாக ஒட்டி அமுக்கிய வெள்ளைத் துணி அது. கைக்குப் பஞ்சு போல இருந்தது, காற்றடித்தாலே கிழிந்துவிடும் போல. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, வாளியில் இருந்த ரெசின் என்ற பிசினுக்குள் மஹ்ரூப் அளந்து ஊற்றிய, அதை இறுகவைக்கும் மருந்தைக் கலக்கி, தூரிகையால் அதன்மேல் தடவினார்கள். கஜந்தியின் தூரிகை பட்ட இடத்தில் வெள்ளை காணாமல் போனது. துணி இருந்த இடத்தில் துணி இல்லை. கீழேயிருந்த நீலம் மட்டும் தெரிந்தது. அவள் தூரிகையைத் தூக்கிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"கரைஞ்சு போச்சோ?"

"கரையல்ல," என்றார் மஹ்ரூப். "குடிச்சிட்டுது. இப்ப உருளையப் போட்டு உருட்டுங்க. காத்துக்குமிழ் ஒண்டும் நிக்கக்கூடாது. குமிழ் நிண்டா கடலுக்குள்ள அது ஓட்டை."

உருட்டினார்கள். தோள் வலிக்க வலிக்க உருட்டினார்கள். சிறு சிறு குமிழிகள் ஓரத்துக்கு ஓடி வெடித்தன. அரை மணித்தியாலம் போயிருக்கும். பக்கத்தில் உருட்டிக்கொண்டிருந்த ரஜீவன் திடீரென்று கையை இழுத்தான்.

"டீச்சர், இது சுடுகுது!"

சிவாஜினி டீச்சர் ஓடி வந்து கையுறையோடு தொட்டுப் பார்த்தார். பிறகு கஜந்தியும் தொட்டாள். உண்மைதான். அடுப்பும் இல்லை, வெயிலும் படவில்லை. ஆனால் உலையில் வைத்த சட்டியின் வயிறு போல அந்த இடம் சூடாகிக்கொண்டு வந்தது. கொஞ்சம் முன்பு தேன் மாதிரி வழிந்தது இப்போது அழுத்தினால் அமுங்கவில்லை. அவர்களுடைய கண்ணுக்கு முன்னாலேயே அது இறுகிக்கொண்டிருந்தது.

டீச்சர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். இந்த வகுப்புக்கு வருவதற்கு முன்பு உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பித்தவர் அவர்.

"சின்னச் சின்ன மூலக்கூறெல்லாம் ஒண்டோட ஒண்டு கை கோக்குது. அப்ப வெப்பம் வெளிய வரும்," என்றார். குரல் தணிந்திருந்தது. "எத்தின வருசமா போர்ட்டில கீறிக் கீறிக் காட்டினனான். கையால தொட்டது இண்டைக்குத்தான்."

அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கஜந்தி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே போனாள். இரவு சாப்பிடும்போது அப்பாவுக்குச் சொல்லத் தொடங்கினாள். நெருப்பில்லாமல் சூடு வந்ததையும் துணி காணாமல் போனதையும் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.  அப்பா எழும்பிப் போகாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாய்க்கு மேல் பாயாக அடுக்கி, குறுக்குச் சட்டங்களும் வைத்து முடிக்க மாதம் ஒன்று கடந்தது. படகை அச்சிலிருந்து எடுக்கும் நாளும் வந்தது. எல்லோரும் நேரத்தோடேயே வந்துவிட்டார்கள்.

மஹ்ரூப் அச்சின் விளிம்பில் மர ஆப்புகளை வைத்து அடித்தார். பிள்ளைகள் ரப்பர் சுத்தியலால் வெளிப்பக்கத்தில் தட்டிக்கொண்டே வந்தார்கள். ஆப்பு திறந்த இடுக்குக்குள் குழாயை விட்டுத் தண்ணீர் பாய்ச்சினார்கள். படகுக்கும் அச்சுக்கும் இடையில் தண்ணீர் புகுந்தால் அதுவே படகைத் தள்ளி எழுப்பும் என்றார் மஹ்ரூப்.

படகு அசையவில்லை.

இன்னும் ஆப்பு வைத்தார்கள், இன்னும் தட்டினார்கள். வெயில் ஏறித் தகரம் கொதித்தது. சட்டைகள் முதுகோடு ஒட்டின. பேச்சு மெல்ல மெல்லக் குறைந்து, அம்ராகூட வாய் மூடினாள். மஹ்ரூப் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

"மெழுகு எங்கயோ கொஞ்சம் குறைஞ்சிருக்கும்," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தாங்கள் துடைத்த பகுதியைத்தான் பார்த்தார்கள். கஜந்தி மூக்குப் பக்கம் போய்க் குனிந்தாள். அந்த மூக்கின் வளைவுக்குள் தன்னுடைய துணி போகாத மூலை ஒன்று இருந்திருக்குமோ?

"வெட்டத்தான் வேணுமோ நானா?" என்று டீச்சர் கேட்டார்.

"லுஹர் தொழுதிட்டு வாறன். பிறகு பாப்பம்."

அவர் பள்ளிவாசலுக்குப் போனதும் பிள்ளைகள் சாப்பாட்டுப் பொதிகளைக்கூடப் பிரிக்காமல் அங்கங்கே குந்தியிருந்தார்கள். குழாயில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கஜந்தி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குப் பக்கம் உள்ளே போன தண்ணீர், பின்பக்கம் ஆப்பு விலக்கிய இடுக்கால் வழிந்து, நிலத்தில் வாய்க்கால் பறித்துக் களப்பை நோக்கி ஓடியது. கொட்டகைத் தரையே பின்பக்கம் கொஞ்சம் சரிவாக இருந்தது.

அவள் எழும்பி நின்றாள்.

"டீச்சர், இது வரம்பில திறந்திருக்கிற வக்கடையை அடைக்காமல் வயலுக்குத் தண்ணி கட்டுற மாதிரியெல்லோ இருக்கு. வாற தண்ணியெல்லாம் போயிடுது. நிண்டால்தானே தள்ளும்?"

டீச்சர் குனிந்து பார்த்தார். "அடைக்கலாமோ?"

"களி இருந்தால் அடைக்கலாம்."

ரஜீவனும் அம்ராவும் களப்போரத்துக்கு ஓடி இரண்டு வாளி நிறையக் கறுத்தக் களிமண் அள்ளி வந்தார்கள். கஜந்தி மண்டியிட்டாள். இது அவளுக்குத் தெரிந்த வேலை. மழை நாளில் அப்பாவோடு வரம்பு கட்டியதைப் போலவே களியைப் பிசைந்து, இடுக்கில் வைத்து உள்ளங்கையால் அமத்தி, மேலே இன்னொரு சாண் உயரத்துக்கு அணை போலக் கட்டினாள். மற்றவர்கள் இரண்டு பக்கமும் அவளைப் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வழிவது சொட்டாகி, சொட்டும் நின்றது. தண்ணீர் விளிம்பில் மெல்ல ஏறத் தொடங்கியது.

மஹ்ரூப் திரும்பி வந்தார். களி பூசிய தன் அச்சைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யா அல்லாஹ், என்ன செய்றீங்க?"

"தண்ணி மறிக்கிறம் நானா," என்றாள் கஜந்தி. 

அவர் கிட்ட வந்து சுற்றிப் பார்த்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, "எல்லாரும் சுத்தியல எடுங்க. மூக்கில இருந்து தட்டிக்கிட்டு வாங்க. மெதுவா," என்றார்.

தட்டினார்கள். டொக் டொக்கென்று ஒரே சத்தம். அப்படித் தட்டிக்கொண்டிருக்கையில் கஜந்தி நின்ற பக்கத்தில் சத்தம் மாறியது. அடைத்துக் கேட்டது இப்போது மத்தளம் போலத் திறந்து கேட்டது. அவள் சுத்தியலை நிறுத்தினாள். அச்சுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது, பெரிய மரம் சாயப் போகும்போது வருவதைப் போல. அதன் பிறகு வெடிச் சத்தம் ஒன்று. தகரக் கூரையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன.

படகு ஒரு முழம் மேலே வந்து, இடையில் நிறைந்த தண்ணீரின் மேல் நின்று ஆடியது.

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்றுதான் டீச்சர் நினைத்திருந்தார். அது தானாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் அசையாமல் நின்றார்கள். மஹ்ரூப் மட்டும் வாய்க்குள் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவர் எத்தனையோ படகுகளை எடுத்தவர். ஆனாலும் அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது.

கொஞ்சம் பொறுத்து எல்லோருமாகப் பிடித்துத் தூக்கி, வெளியே மணலில் கவிழ்த்து, இரண்டு பக்கமும் கட்டைகள் வைத்து உயர்த்தினார்கள். "உள்ளுக்குப் போய்ப் பாருங்க," என்றார் மஹ்ரூப். கஜந்தியும் அம்ராவும் தவழ்ந்து கீழே போனார்கள்.

உள்ளே இருட்டாக இருக்கும் என்று நினைத்துப் போன கஜந்தி மூச்சை அடக்கிக்கொண்டாள். வெளியே அடித்த வெயில் படகின் உடம்பு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலும் கீழும் சுற்றிவரவும் ஒரே நீல வெளிச்சம். அந்த நீலத்துக்குள் இழைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன, ஆயிரக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக. அவர்கள் விரித்த பாய்கள் அவை. இணைத்த இடங்கள் கொஞ்சம் கருமையாகத் தெரிந்தன. வெளியே ரஜீவன் படகைத் தடவிக்கொண்டு நடந்தான். அவனுடைய கையின் நிழல், ஐந்து விரலும் விரிந்தபடி, அவர்களுடைய தலைக்கு மேலே நீந்திப் போனது.

"நாங்களாடி செஞ்சம்?" என்றாள் அம்ரா, இரகசியம் போல.

கஜந்தி கையை நீட்டி அந்த இழைகளைத் தொட்டாள்.

பலகைகள் அடித்து, என்ஜின் பூட்டி, படகைத் தண்ணீரில் இறக்கிய நாளில் தனஞ்சயனும் வந்திருந்தார். மோட்டார் சைக்கிளை மரத்தடியில் விட்டுவிட்டு, சாரனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார். உழவு மெஷின் வாங்க வந்தவரைப் போலப் படகைச் சுற்றிப் பார்த்தார். விளிம்பு போதிய தடிப்பா என்று விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, இந்த மொத்தம் காணுமோ? கடலெல்லோ?"

"காணும் அப்பா. அடியில இன்னும் கூடப் போட்டிருக்கிறம்."

"குமிழ் ஒண்டும் இல்லையே?"

கஜந்தி அவரை வியப்போடு பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் சொன்னதையெல்லாம் அவர் விடாமல் கேட்டிருக்கிறார். "இல்லை அப்பா."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடுவதற்கு முன்பே ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து ஏறினார்.

மஹ்ரூப் என்ஜினைப் பிடித்தார். பிள்ளைகளும் டீச்சரும் மிதவைச் சட்டை போட்டுப் பலகைகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். களப்பின் வாயில் இருந்த பாலத்தின் கீழே போகும்போது மேலே பேருந்து ஓடும் சத்தம் கேட்டது. அதைத் தாண்டியதும் கரைகள் இரண்டும் விலகின. விரிகுடா திறந்தது. தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல், மூன்று மாடி வீடுகளை வரிசையாக அடுக்கியது போல, அசையாமல் நின்றது. முதல் அலை படகைத் தூக்கியபோது கஜந்தி அப்பாவின் கையைப் பிடித்தாள். அவருடைய கையும் அவளைத் தேடிக்கொண்டுதான் இருந்தது.

நடுவில் மஹ்ரூப் என்ஜினை நிறுத்தினார். சத்தம் அடங்கியது. அடியில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது.

"இதில எத்தின ஆழம் நானா?" என்று தனஞ்சயன் கேட்டார்.

"இந்த இடத்தில சரியாத் தெரியா. துறைமுகப் பக்கம் போனா இன்னும் ஆழம். எவ்வளவு பெரிய கப்பலும் வந்து நிக்கும்."

தனஞ்சயன் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கரும்பச்சைத் தண்ணீர், அடி தெரியவில்லை. அதன் மேலே, மகள் விரித்த பாய்களின் மேலே, அவர் உட்கார்ந்திருந்தார். 

"பயமா?" என்று அம்ரா கஜந்தியிடம் கேட்டாள்.

"ஓம்," என்றாள் கஜந்தி. "ஆனா இப்ப திரும்ப வேண்டாம் எண்டு நானாவுக்குச் சொல்லு."

மஹ்ரூபுக்கு அது கேட்டுவிட்டது. அவர் என்ஜினைக் கிளப்பி, படகின் மூக்கைக் கப்பல் நின்ற பக்கம் திருப்பினார்.