பின்கம்பு

நெஞ்சுவலிக்காரர் பெயர் சேனாதிபதி என்றதும், "எந்தச் சேனாதிபதி? சினிமாவுல சிரிக்க வச்சவரா?" என்றுதான் டோலி தூக்கும் பிச்சையா முதலில் கேட்டான்.

அவரேதான். நடிப்பை விட்டு வெகுகாலமாகி, ஆடலூருக்குக் கீழே மகள் தமயந்தியின் காப்பித் தோட்டத்தில் இருந்தார். இரண்டாயிரத்து நாலாம் வருஷத்து ஐப்பசி மழையில் தோட்டத்துப் பாதை சரிந்துபோனது. ஜீப்பு மேலே தார்ரோட்டில்தான் நிற்கும். அதுவரைக்கும் டோலி. மூங்கில் கம்பில் கம்பளியைத் தூளிபோலக் கட்டி, ஆளைப் படுக்கவைத்து, முன்னும் பின்னும் தோள்கொடுத்துத் தூக்க வேண்டும்.

மேடேறும்போது நோயாளியின் தலை முன்பக்கம் இருக்கும். அதனால் அவர் முகம் பின்கம்புக்காரனுக்கு மட்டுமே தெரியும். வழி பார்ப்பது முன்னவன் வேலை. முகம் பார்ப்பது பின்னவன் வேலை. பிச்சையாவின் கூட்டாளி ஞானவேலுக்குத்தான் எப்போதும் பின்கம்பு.

அன்றைக்குப் பிச்சையா கெஞ்சினான். "இன்னைக்கு மட்டும் எனக்குக் குடுடா. சிலோன்ல தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு முன்னால வேட்டியத் திரையாக் கட்டிப் படம் போடுவாங்க. இவருக்காகவே மழையில நனஞ்சுக்கிட்டு நின்னவன்டா நானு."

"ஏலே, ஆளத் தூக்கப் போறியா, படம் பாக்கப் போறியா?" என்ற ஞானவேல், ஆனாலும் விட்டுக்கொடுத்தான்.

ஏற ஏறப் பிச்சையாவுக்கு வாய் நிற்கவில்லை. "ஐயா, மாமனாரக் கண்டதும் மயங்கி விழுவீங்களே, வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேங்கய்யா." கம்பளிக்குள்ளிருந்து லேசான புன்னகை வந்தது.

"பேச்சுக் குடுக்காதீங்கண்ணே," என்றாள் பின்னால் வந்த தமயந்தி.

பாறையை ஒட்டிய ஒற்றையடிப் பாதை வந்தது. இடப்பக்கம் அதலபாதாளம். அங்கே சேனாதிபதியின் வாய் ஒருபக்கம் கோணியது. ஒரு கண் மூடியது, மற்றது பாதி திறந்து நின்றது. கை மார்பைப் பிடித்தது. அதே மயக்கம்!

பிச்சையா வெடித்துச் சிரித்தான். கம்பு குலுங்கியது. "ஞானவேலு, ஐயா செஞ்சு காட்டுறாருடா!"

"காலப் பாத்து வையி, எழவெடுத்தவனே!"

படத்தில் அந்தப் பாதிக்கண் அடுத்த நொடியே சிமிட்டும். சிரித்தபடியே அதற்காகக் காத்து நடந்தான் பிச்சையா. கண் சிமிட்டவில்லை. அந்தக் குளிரிலும் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"எறக்கு! எறக்குடா!"

இறக்க ஏது இடம்? இருவரும் கம்பைத் தோளில் வைத்தபடியே குத்தவைத்தார்கள். தமயந்தி பாறையைப் பற்றிக்கொண்டு முன்னால் நகர்ந்து, அப்பாவின் நாக்கடியில் மாத்திரையைத் திணித்தாள்.

"எப்ப இருந்து இப்படி இருக்காரு?"

பிச்சையா கம்பளியின் ஓரத்தை இழுத்து அவர் காலை மூடினான்.

"சிரிச்சீங்களேண்ணே..." என்றாள் அவள்.

பிச்சையா அந்த நீல உதட்டையே பார்த்திருந்தான். கடைசியில் ஒரு நீண்ட மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று.

அகலமான இடம் வந்ததும் அவன் கம்பை இறக்கினான். "நீயே பின்னால வா."

முன்கம்பிலிருந்து பார்த்தால் சேறும் கல்லும்தான். "முகம் எப்படிடா இருக்கு?"

"நல்லாருக்கு. வெரசா நட."

நாலு எட்டு போனான். "இப்ப?"

"நொய்யி நொய்யின்னு கேக்காதடா!"

கம்பளிக்குள்ளிருந்து ஈனக்குரல் வந்தது: "கேக்கட்டும்ப்பா. டிக்கெட் எடுக்காமப் பாத்தவன்."

ஞானவேல் சிரித்துவிட்டான். கம்பு பின்னாலிருந்து குலுங்கியது. மேலே ஜீப்பின் ஆரன் கேட்டது. பிச்சையா திரும்பிப் பார்க்க முயன்றான்; தோளிலிருந்த கம்பு விடவில்லை.

"சிரிக்காதடா! முகத்தப் பாரு!"