திடீரென்று வந்தவன்

அவன் டிரைவிங் ஸ்கூலுக்குள் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவனுக்கு அவளைத் தெரியவில்லை. கோர்ட்டில் அவள் கடைசி வரிசையில் இருந்தாள். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "சைக்கிள்காரன் திடீர்னு குறுக்க வந்துட்டான் சார்" என்று நீதிபதியிடம் சொன்னான். லைசென்ஸைச் சில வருஷம் பிடுங்கி வைத்ததோடு வழக்கு முடிந்தது. அந்தச் சைக்கிள்காரன் அவளுடைய தம்பி.

தம்பிக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. அதைவிட அவளை அறுத்தது வீட்டில் நடந்ததுதான். கோர்ட்டில் கேட்ட அந்த வார்த்தையை அம்மா பிடித்துக்கொண்டாள். தம்பி படியில் தடுமாறும்போதெல்லாம், "கொஞ்சம் பாத்து வந்திருக்கக் கூடாதாடா" என்பாள். அடிபட்ட நேரத்து நினைவே அவனுக்கு இல்லை. அதனால் அவனும் தலையைக் குனிந்துகொள்வான்.

இப்போது லைசென்ஸைத் திரும்ப வாங்க, பயிற்சி முடித்ததாக டிரைவிங் ஸ்கூல் சான்றிதழ் தர வேண்டுமாம். அதில் கையெழுத்துப் போடுகிற பயிற்சியாளர்களில் அவளும் ஒருத்தி.

"இவரை நான் எடுத்துக்கறேன்" என்று முதலாளியிடம் சொன்னாள்.

வண்டியை நகர்த்த அவனுக்குத் தெரியும். பார்க்கத்தான் தெரியவில்லை. கண்ணில் படுகிற ஆபத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பது அவள் பாடம். முதல் நாள் அவன் லாரிகளை மட்டும் சொன்னான்.

"ஓரமா நிக்கிற அந்தக் காரோட முன்சக்கரம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கு. கிளம்பப் போறான். பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"பஸ்ஸுக்கு அடியில ரெண்டு கால் தெரிஞ்சுது. யாரோ முன்னாடி சுத்திக்கிட்டு வரப் போறாங்க. பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"பின்ன கண்ணு எதுக்கு, கண்ணாடி மாட்டவா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மற்றவர்களை நடுவில் டீ குடிக்க விடுவாள். இவனைப் பிழிந்து எடுத்தாள். போகப் போக, பந்து உருண்டு வந்தால் பின்னால் குழந்தை ஓடி வரும் என்று சொல்ல அவனுக்கு வந்தது. போனை அவனே அணைத்துப் பின்சீட்டில் போட ஆரம்பித்தான். அவள் காத்திருந்ததும் இதற்குத்தான். பார்க்கத் தெரியாதவனைப் பிடித்து உலுக்கினால், தெரியலையே என்று கையை விரித்துவிடுவான்.

ஒரு மத்தியானம் அவனைத் தம்பி அடிபட்ட அந்தத் தெருவுக்கு ஓட்டச் சொன்னாள். வளைவு திரும்பியதும் அவன் பேச்சு நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங்க."

"நேர் ரோடு. ரெண்டு பக்கமும் மதில். சந்து எதுவும் இல்ல. முன்னாடி ஒரு சைக்கிள் போகுது."

"எப்ப கண்ணுல பட்டுது?"

"திரும்பினதுமே."

"அந்த ஆள் திடீர்னு குறுக்க வர எங்கயாவது வழி இருக்கா?"

அவன் வண்டியை ஓரம் கட்டினான். அவள் பக்கம் திரும்பினான். "நீங்க யாரு?"

"அவனோட அக்கா. அன்னிக்கு எதைப் பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"போனை" என்றான். "வக்கீல்தான் அப்படிச் சொல்லச் சொன்னார்."

"வாய் உங்களோடதுதானே?"

"மன்னிச்சிடுங்க."

"என்கிட்ட எதுக்கு? இறங்கி இந்தப் பக்கம் உக்காருங்க. நான் ஓட்டறேன். வீட்ல வந்து சொல்லுங்க."

அம்மாதான் கதவைத் திறந்தாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்து செயற்கைக் காலின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னான்: "இவர் குறுக்க வரல. எனக்கு முன்னாடி ஓரமா போயிக்கிட்டிருந்தார். நான்தான் பாக்கல. போனைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

தம்பி அவனைப் பார்க்கவே இல்லை. அம்மாவைப் பார்த்தான்.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சுடா." தம்பியின் தலையைத் தொட அம்மா கையை நீட்டினாள். அவன் நகர்ந்துகொண்டான். "இப்ப வேணாம்மா."

அம்மா அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தோடு அவள் விசும்பலும் கேட்டது. வந்தவனுக்கென்று தீட்டி வைத்திருந்த கத்தி அம்மாவையும் கிழிக்கும் என்று அக்கா யோசித்திருக்கவில்லை. ஆனாலும் வருத்தப்பட அவளுக்கு மனம் வரவில்லை.

வெளியே வந்ததும் அவன் தயங்கித் தயங்கி, "சான்றிதழ்..." என்றான்.

"போட மாட்டேன்."

"இப்ப நல்லாத்தானே ஓட்டறேன் மேடம்."

"நல்லாத்தான் ஓட்டறீங்க. வேற ஸ்கூலுக்குப் போய் மொதல்லேர்ந்து ஆரம்பிங்க. உங்களை ரோட்டுல விடற கை என்னோடதா இருக்காது. பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்."

அவன் நடந்து தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இதுக்காகத்தான் அந்த ஆளுக்குச் சொல்லிக் குடுத்தியா?" என்றான் தம்பி.

"ஆமா."

"இப்ப கோபம் ஆறிடுச்சா?"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். "இல்லடா. ஆனா நல்லா இருக்கு."

தம்பி சிரித்தான். வாரை இழுத்து மாட்டிக்கொண்டு எழுந்து, அம்மாவிடம் போனான்.