துணைக்கால்

ஒரு துணைக்கால். வெறும் ஒரு துணைக்கால். அதை மாமா போட்டிருந்தால் கேசரி இப்படி ஆறிக் கிடக்காது.

ராமலட்சுமி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பெங்களூரில் அவள் வடிவமைப்பது காமாக் கதிர் வெடிப்பைக் கண்டறியும் கருவி. வானத்தில் எங்கோ, சொல்லாமல் கொள்ளாமல், சில நொடிகள் மின்னி மறையும் கதிர் அது. இரண்டு வருஷத்துக்கு முன்புதான், எழுபத்து மூன்றில், உலகத்துக்கே தெரியவந்தது. காற்றுமண்டலம் அதைத் தரைக்கு விடாது. கருவி செயற்கைக்கோளில் ஏற வேண்டும். நூல்கடை மாமா காசிராஜன், பெண்ணின் பெருமையைப் பாளையம்பட்டி மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதி அனுப்பிய அவசரத்தில், 'காமக் கதிர் ஆராய்ச்சி' என்று எழுதிவிட்டார்.

பெண் பார்க்க வந்த கோகிலாம்பாள் அந்தத் தாளை மடித்துத் தாம்பாளத்துக்கு அடியில் செருகினாள். அவள் மகன் சுப்புராஜ் மட்டும் அதை எட்டி எட்டிப் பார்த்தார். பாவம், அறிவியலில் ஆர்வம்.

"கூட யாரு வேலை பாக்குறா?" என்று கேட்டாள் கோகிலாம்பாள்.

"ஆறு ஆம்பளைங்க."

"ராத்திரியிலயுமா?"

"அது வர்ற நேரம் யாருக்கும் தெரியாதுங்க" என்றாள் ராமலட்சுமி, உள்ளதை உள்ளபடி.

வேலையை விட்டால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் பஸ் ஏறினார்கள்.

"அவுகளுக்குப் பெரிய மனசுத்தா" என்றாள் அம்மா சௌந்தரம். "பழசையெல்லாம் மறந்துர்றோம்னுட்டாக."

கருவியில், கதிர் பட்டால் மின்னும் இரண்டு படிகங்கள். ஒன்று மட்டும் மின்னினால் நம்பக்கூடாது, வெறும் தற்செயல்; இரண்டும் ஒரே கணத்தில் மின்னினால்தான் செய்தி. எடையைக் குறைக்க இரண்டாவதைக் கழற்றிவிடலாம் என்று அந்த ஆறு பேரும் காத்திருந்தார்கள். தடுத்து நிற்பவள் இவள் ஒருத்திதான்.

"விட்டுருத்தா" என்றார்கள் அம்மாவும் மாமாவும், ஒரே கணத்தில்.

தனக்குள்ளும் ஏதாவது கூடவே மின்னுகிறதா என்று நேர்மையாகத் தேடிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வருத்தம்கூட இல்லாததுதான் கொஞ்சம் உறுத்தியது.

மாமா ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். 'காமக் கதிர்க் கருவிப் பணியிலிருந்து என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்.' அவளுடைய சொந்த விருப்பம், மாமாவின் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

"கீழ ஒரு கையெழுத்துப் போடு, தாயி. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

அவள் பேனாவை வாங்கினாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. 'ம'வுக்குப் பக்கத்தில் நிதானமாக ஒரு துணைக்கால் போட்டாள். பேனாவை மூடி, தாளோடு மாமாவிடமே கொடுத்தாள்.

"இப்பச் சரியா இருக்கு, மாமா."

கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் காலியாகவே இருந்தது.