முப்பத்தொன்றாம் அத்தியாயம்

ஒலிப்பதிவிலிருந்து அறுபத்திரண்டாவது மூச்சை டீகன் வெட்டி எடுத்தபோது அலமாரிக் கதவை யாரோ தட்டினார்கள்.

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். கறுப்பு உடையில், கையில் தட்டோடு ஷெரில் சித்தி நின்றாள்.

"ஏண்டி, அக்காவைப் புதைச்சு ரெண்டு மணி நேரம் ஆகல. வீடு நிறைய ஜனம். நீ துணி அலமாரிக்குள்ள போய் உக்காந்திருக்க. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும் சித்தி."

"என்னத்தை?"

"முப்பத்தொண்ணாம் அத்தியாயத்தை."

சித்தி, இறைச்சி அடைத்த இரண்டு சாஸேஜ் ரோலை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய அலமாரி அது. சுற்றிலும் கம்பளிப் போர்வைகளை ஆணியடித்து மாட்டியிருந்தார் அப்பா மெர்வ். பதினோரு வருடமாக அதற்குள் உட்கார்ந்துதான் அம்மா கிளெனிஸ் நாவல்களை வாசித்தாள். ஹுவோன் பள்ளத்தாக்கில் ஆப்பிள் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவள் வாசிப்பாள், மகள் டீகன் அதிலிருந்து வாய்க்குழறல், இருமல், மூச்சுச் சத்தம் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்து ஒலிப்புத்தகமாக அனுப்பி வைப்பாள்.

கடைசிப் புத்தகம், காதலும் கொலையும் கலந்த கதை. அது வெளிவந்தபோது கிளெனிஸின் நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது.

போன திங்கட்கிழமை மத்தியானம், தலையணையில் சாய்ந்தபடி, "கேட்டவங்க என்ன எழுதியிருக்காங்க? வாசி," என்றாள்.

டீகன் கைப்பேசியை எடுத்தாள். "'வண்டி ஓட்டும்போது கேட்டேன். என் வீட்டைத் தாண்டி ஒன்பது கிலோமீட்டர் போய்விட்டேன்.' அஞ்சு நட்சத்திரம்."

"ம். அடுத்தது."

"'கதாநாயகன் ஆடு விலை பேசுகிறவன் மாதிரி இருக்கிறான். இவனை எப்படி ஒருத்தி முத்தமிடுவாள்?' மூணு."

"அவனுக்கு உங்கப்பன் குரலைத்தான் வச்சேன்." அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. "நான் முத்தமிட்டேனே! சரி, கடைசி அத்தியாயத்தைப் பத்தி ஒருத்தரும் பேசலையா?"

"நல்லா இருக்குன்னு..."

"டீகன், பதினோரு வருஷமா எழுத்தைப் பாத்து வாசிக்கிறவ நான். இல்லாததை நீ வாசிச்சா எனக்குத் தெரியாதா?"

டீகன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'கதாநாயகி குளிர்பதனக் கிடங்கில் ஒளிந்திருக்கிறாள். கொலைகாரன் வெளியே. அந்த நேரம் பார்த்து வாசிப்பவருக்கு மூச்சு இரைக்கிறது. அவரை நினைத்துத்தான் பயந்தேன், கதாநாயகியை மறந்துபோனேன்.' ஒரு நட்சத்திரம். இன்னொருத்தங்க, 'அந்த மூச்சு அபாரமான நடிப்பு'ன்னு அஞ்சு குடுத்திருக்காங்க."

அம்மாவுக்கு முகம் சிவந்தது. "நடிப்பா? நான் எங்க நடிச்சேன்? அந்த ஒத்த நட்சத்திரக்காரிதான் காது கொடுத்துக் கேட்டிருக்கா. ஏன் வெட்டாம விட்ட?"

"மனசு வரலம்மா."

"கதை கேக்க வந்தவங்களுக்கு நம்ம வீட்டு நோயை எதுக்கு அனுப்பற? எடு. ஒண்ணு விடாம எடு."

"சரிம்மா."

"சரின்னா, எப்போ?"

திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் அனுப்பலாம், அதற்குப் பிறகு வாய்ப்பில்லை என்று பதிப்பகம் எழுதியிருந்தது. டீகன் அதைச் சொன்னாள். அம்மா தலையசைத்தாள். நான்கு மணிக்குத் தேநீர் கேட்டாள். தேநீர் வந்தபோது அவள் இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

நூற்றுப் பதினாலாவது மூச்சை எடுத்து முடித்தபோது மணி நாலு இருபது. இனி அந்த இடைவெளிகளை நிரப்ப வேண்டும். வெறுமனே விட்டால், கேட்பவருக்குக் காது திடீரென்று கிணற்றில் விழுந்தது போலிருக்கும். அதற்காகவே ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அம்மா அரை நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, அலமாரியின் மௌனத்தைப் பதிவு செய்வாள். அந்த மௌனத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதுதான் முறை.

டீகன் அந்த அரை நிமிடத்தை ஓடவிட்டாள். மௌனத்துக்குள்ளும் கீல் துருப்பிடித்த கதவு போல ஏதோ கிறீச்சிட்டது. அம்மாவின் நெஞ்சு.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து வெளியே வந்தாள். கட்டில் ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாரோ.

"எல்லாத்தையும் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்ப்பா."

"ஊர்பேர் தெரியாத ஜனமெல்லாம் அவ மூச்சைக் கேட்டுட்டிருந்துச்சு. அதையும் எடுத்துட்டா, அவ அங்க இருந்ததே யாருக்கும் தெரியாம போயிடும்."

"தெரியக் கூடாதுன்னுதானேப்பா பதினோரு வருஷம் உழைச்சாங்க? கதைதான் காதுல விழணும், தன் மூச்சு விழக் கூடாதுன்னு."

மெர்வ் தன் தொப்பியின் விளிம்பைத் திருகினார்.

"எனக்கு இப்போ அரை நிமிஷ மௌனம் வேணும்ப்பா. இந்த அலமாரி மௌனமேதான் வேணும். பழைய பதிவோடதும், வேற இடத்தோடதும் ஒட்டாது. வெளியில நாப்பது பேர் இருக்காங்க."

அவர் எழுந்தார். "குளிர்சாதனப் பெட்டி உறுமும். அதையும் நிறுத்தணும்."

கூடத்தில் அவர் குரல் ஆட்டுச் சந்தையில் ஒலிப்பதுபோல் ஒலித்தது. "எல்லாரும் கேளுங்க! கிளெனிஸோட வேலை ஒண்ணு பாக்கி இருக்கு. அரை நிமிஷம் யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது, கோப்பையைக் கீழ வைக்கக் கூடாது. நான் தொப்பியைத் தூக்கினா ஆரம்பம். இறக்கினா முடிஞ்சுது."

"ஷெரிலையும் சேத்தா சொல்ற?" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். "அவ பொறந்ததிலிருந்து அரை நிமிஷம் சேந்தாப்பல வாயை மூடினதில்லையே!"

சிரிப்பு எழுந்தது. சித்தி அதில் கலந்துகொள்ளவில்லை. டீகனிடம் வந்து தாழ்ந்த குரலில், "மூச்சைப் பத்தின வேலையா இது?" என்றாள்.

"ஆமாம் சித்தி."

"அந்த அஞ்சு நட்சத்திரம் நான் போட்டதுடி. நடிப்புன்னு எழுதினேனே, அது. அந்த இன்னொருத்தி எழுதினதைப் பாத்துட்டு மனசு பொறுக்கல. அக்கா சந்தோஷப்பட்டாளா?"

டீகன் சித்தியின் காலரைச் சரிசெய்துவிட்டாள். "செம கோபம் வந்துச்சு."

"வரும்," என்றாள் சித்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேசாமல் இருப்பதற்கு வசதியாக ஒரு முழு சாஸேஜ் ரோலை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

அப்பா சமையலறைக்குப் போய் மின்செருகியைப் பிடுங்கினார். உறுமல் நின்றது. நடைவழியின் முனையில், கூடத்திலிருந்து எல்லோரும் பார்க்கும்படி நின்று தொப்பியை உயர்த்தினார்.

டீகன் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, தன் மூச்சையும் அடக்கிக்கொண்டாள். திரையில் ஒலிக்கோடு மெல்ல மெல்லத் தணிந்து, நேராகப் படுத்தது. கம்பளிகள் மட்டும் அங்கே இருந்தன. இருபது வினாடி. முப்பது. போதும். நெஞ்சு முட்டுகிற வரைக்கும் ஓடவிட்டுப் பிறகு நிறுத்தினாள்.

மணி நாலு முப்பத்தெட்டு. நூற்றுப் பதினாலு இடைவெளி. முடியும்.

கதவைத் திறந்து, "முடிஞ்சுதுப்பா," என்றாள்.

மெர்வ் தொப்பியை இறக்கவில்லை. அவருக்கு அப்பால், கோப்பைகளைக் கையில் பிடித்தபடி நாற்பது பேரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். கன்னம் இரண்டும் உப்பியிருக்க, மெல்லாமல் நின்றாள் ஷெரில் சித்தி.